ரயிலை விட்டு இறங்கியது யார்?

விருதுநகர்,
17.11.2008

பினாங்கில் இருக்கும் அன்பு மச்சினன் தவுபிக்குக்கு, உன் மச்சான் ஜெகபர் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், ஆசிக், மருமகள் ஷிபானா எல்லோரும் சௌக்கியம். அடுத்ததாக 'உன் அக்கா பல்கீசும் சௌக்கியம்' என்று எழுதக் கை தானாகவே போனது. பேனாவைப் பிடித்து நிறுத்தினேன். இத்தனை வருஷமாக அதே வரிசையில் எழுதிப் பழகிய கை. அதற்கு விவரம் தெரிய இன்னும் கொஞ்ச காலம் ஆகும், நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அங்கே நீயும் உன் வீட்டாரும் அல்லாஹ்வின் காவலில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ எத்தனையோ முறை போன் போட்டும் நான் வந்து பேசவில்லை என்று உனக்கு வருத்தம் என ஆசிக் சொன்னான். வருத்தப்படாதே. 'அலோ' என்பதை நீ இழுக்கிற இழுப்பு அப்படியே உன் அக்கா இழுக்கிற இழுப்பு. அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. மிளகாய் வத்தல் மண்டியில் ஏலம் கூறி பஜார் முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்த தொண்டை இது, ஒரு 'அலோ'வுக்கு அடைத்துக்கொள்கிறது என்றால் யாராவது நம்புவார்களா? அதனால்தான் கடிதம். நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ அனுப்பிய அந்தப் படத்தைப் பார்த்தோமா, ரயிலை விட்டு இறங்கியது யார், ஜெயித்தது அக்காவா மச்சானா? பதில் சொல்கிறேன். ஆனால் முதலிலேயே சொன்னால் நீ கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிடுவாய். இந்த விவகாரத்தை இதுவரை நீ உன் அக்கா வாயால் மட்டுமே கேட்டிருக்கிறாய், அதில் என் கட்சி ஒழுங்காக வந்திருக்காது. ஆகையால் முழுவதையும் படி.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. சாத்தூரில் என் பெரியம்மா வீட்டு விருந்து. பிரியாணி போட்டு, மாப்பிள்ளை பெண்ணை மத்தியான ஆட்டத்துக்கு அனுப்பி வைப்பது அந்த வீட்டு வழக்கம். அனுப்புவது என்றால் இரண்டு பேரை அல்ல; கூடவே காவலுக்கு ஒரு பெஞ்சு நிறையச் சொந்தக்காரர்கள் வருவார்கள். படம் அப்போதே பழைய படம், கறுப்பு வெள்ளை, மறுபடி திரையிட்டிருந்தார்கள். நம் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது, 'அந்தப் படம்' என்றால் அதுதான். சின்ன ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், சரக்குத் திருட்டில் அநியாயமாகப் பழி விழுந்து, வேலை போய், "குற்றமற்றவன் என்று நிரூபித்த பிறகுதான் இந்தப் பிளாட்பாரத்தில் கால் வைப்பேன்" என்று மனைவியை விட்டுவிட்டு ரயிலேறிப் போகிறார். அவள் ஸ்டேஷன் வாசலில் இட்லிக்கடை போட்டுக்கொண்டு, வருகிற ரயிலுக்கெல்லாம் லாந்தரைத் தூக்கிப் பார்க்கிறாள். ஒரு நாள் மழை. ரயில் நிற்கிறது. புகைக்குள்ளிருந்து பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள் இறங்குகின்றன. அவள் லாந்தரைத் தூக்குகிறாள், முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் வெளிச்சம் விழுகிறது, உதடு துடிக்கிறது. இடைவேளை. அம்புட்டுத்தான் நாங்கள் பார்த்தது.

இடைவேளையில் நான் காராச்சேவும் சோடாவும் வாங்கி வந்து உட்கார்ந்தேன். மணி அடித்துவிட்டது. விளக்கை அணைக்கப் போகிற நேரம், வெளியே 'டமார்' என்று ஒரு சத்தம். மற்ற ஊர்க்காரனாக இருந்தால் காதைத் தடவிக்கொண்டு படம் பார்ப்பான். பட்டாசு ஆபீசும் தீப்பெட்டி ஆபீசும் நிறைந்த நம் ஊர்களில் அப்படியா? கொட்டகை முழுவதும் ஒரே ஆளாக எழுந்தது. "எந்த ஆபீசு? எந்தப் பக்கம்?" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். வெளியே எட்டிக்கூடப் பார்க்காத ஒருவர் "தாயில்பட்டிப் பக்கமாம்" என்று உறுதியாகச் சொன்னார். ஆபரேட்டரின் சம்சாரம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர். மனுஷன் மெஷினை அப்படியே போட்டுவிட்டு, ரூமைப் பூட்டிச் சாவியையும் மடியில் வைத்துக்கொண்டு, சைக்கிளில் பறந்துவிட்டார். கடைசியில் பார்த்தால், கொட்டகைக்குப் பின்னால் கடலை ஏற்றி நின்ற லாரியின் டயர் வெடித்திருக்கிறது. டிரைவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தன் தலைவிதியை நொந்துகொண்டு நிற்கிறான், பெண்களெல்லாம் அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்து, "நல்லா இருப்பய்யா, நல்லா இருப்ப" என்று வாழ்த்துகிறார்கள். டயர் வெடித்ததற்கு வாழ்த்து வாங்கிய டிரைவர் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஆபரேட்டர் திரும்பவில்லை. மறுநாள் படப்பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே சண்டை ஆரம்பித்தது. புதுப்பெண், அதுவரை என்னிடம் தலை நிமிர்ந்து பேசாதவள், "இறங்குனது அவ புருஷன்தான்" என்றாள். இல்லை, போலீஸ்காரன், புருஷன் செத்துப்போன சேதியைக் கொண்டு வந்திருக்கிறான் என்றேன் நான். "அவ மொகத்தப் பாத்தீகளா இல்லியா? புருஷன் வராம ஒரு பொம்பள மொகம் அப்பிடி மலருமா?" என்றாள். அது மலர்ச்சி இல்லை, பயம். வேலை போனவனுக்கு அப்படிப் பாலீஷ் போட்ட பூட்ஸ் ஏது என்று கேட்டேன். "எல்லாரும் மொகத்தப் பாத்தா நீங்க மட்டும் காலப் பாத்துக்கிட்டு இருந்தீகளாக்கும்" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம், ஆனால் அன்றைக்குத்தான் அவளை எனக்குப் பிடித்துப்போனது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சோதனைதான். அருப்புக்கோட்டையில் அந்தப் படம் வந்தது என்று நிறைமாசமாக இருந்தவளைக் கூட்டிப் போனேன். எழுத்து ஓடும்போதே வலி எடுத்து, படத்துக்குப் பதிலாக ஆசிக் பிறந்தான். அவனுக்கு இன்றைக்கும் அதில் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. பிறகு வீட்டுக்கு டிவி வந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். பலத்த காற்று. நான் மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, அவள் கீழே இருந்து "தெரியுது, தெரியுது… போயிருச்சு" என்று கத்த, கடைசியில் நான் இறங்கி வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பாதி நேரம் படம் பளிச்சென்று தெரிந்ததாம்! நீயாவது பார்த்திருக்கலாமே என்றால், நான் பக்கத்தில் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். "ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பாத்தாத்தான் கணக்கு. மத்தவுக வாயால கேக்கவும் கூடாது" என்று ஒரு சட்டம் போட்டாள். நம் மண்டிக்கு வத்தல் கொண்டுவரும் பெத்தணன், உனக்குத் தெரியுமே, பத்து ஏக்கர் சம்சாரி, வாய் மட்டும் இருபது ஏக்கர், அவர் ஒரு நாள் இந்தச் சட்டம் தெரியாமல் "அது ஹீரோவோட ரெட்டப் பிறவி தம்பில்லா பாய் இறங்குவான்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது வேறு ஏதோ படம் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் ரொம்ப நாளைக்கு அவருக்கு நம் வீட்டில் சீனி போட்ட டீ கிடைக்கவில்லை.

உன் அக்கா பழைய படம் பார்க்கிற அழகை நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். அவளுக்குக் கலர் படம் ஆகாது. "கலர்ல அழுதா சேலைதான் தெரியுது, கண்ணீர் தெரிய மாட்டேங்குது" என்பாள். அந்தக் காலத்து நடிகர்கள் அழுதால் மூக்கும் சேர்ந்து அழும் என்றும், வில்லன்கூட விருந்தாளிக்கு நாற்காலி போட்டுவிட்டுத்தான் வில்லத்தனம் செய்வான் என்றும் சொல்வாள். பாட்டு வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். வசனம் நீளமாகப் போனால் நடிகர் மூச்சு விடுகிற இடத்தில்தான் இவளும் மூச்சு விடுவாள். நான் அவற்றையெல்லாம் கேலி செய்தவன்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு முகத்தைப் பாதி வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு, அது சந்தோஷமா பயமா என்று ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஆயுள் பூராவும் சண்டை போடும்படி எடுக்க அந்தக் காலத்து ஆட்களால்தான் முடிந்தது. இப்போது எடுக்கிற படத்தில் எல்லாமே தெரிகிறது, சண்டை போட ஒன்றும் இல்லை.

நீ பினாங்கில் ஒரு கடையில் அந்தப் படத்தின் டிவிடியைக் கண்டுபிடித்து விட்டதாகச் சொன்ன அன்று அவளைப் பிடிக்க முடியவில்லை. நோன்பு நேரம் என்றுகூடப் பாராமல் தெரு பூராவும் சொல்லிவிட்டு வந்தாள். "பெருநா முடியட்டும், உங்க மூக்க ஒடைக்கேன்" என்றாள் என்னிடம். பெருநாளும் முடிந்தது. மறுநாள் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் பயமில்லை என்று சொன்னதால் நான் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வார்டு வாசலில் நான் நுழைந்தபோது அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக முகத்தில் விழுந்தது. உதடு துடித்தது. அடுத்த நிமிஷம் நர்சுகள் ஓடி வந்தார்கள், எங்களை வெளியே நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு நான் பார்த்தது உயிர் போன மையத்தைத்தான். தவுபிக், அந்த முகம் என்ன முகம் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்து மலர்ந்ததா, இல்லை பயந்து போய் என்னைக் கூப்பிட்டதா? யாரிடமும் இதைச் சொல்லவில்லை, ஆசிக்கிடம்கூட. உன்னிடம் சொல்கிறேன்.

உன் பார்சல் மூன்றாம் நாள் பாத்திஹாவன்று வந்து சேர்ந்தது. வீடு நிறைய ஆட்கள், வாசல் நிறையச் செருப்பு. கூரியர்காரர் செருப்புகளைத் தாண்டி வந்து, "பல்கீஸ் பேகம் யாரு? அவங்கதான் கையெழுத்துப் போடணும்" என்றார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "வெளிநாட்டுப் பார்சல் பாய், பேருக்கு உரியவங்கதான் வாங்கணும். உள்ள இருந்தா கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றார். வரச் சொல்லுங்கள் என்றால் நான் எங்கே போய்ச் சொல்வது? பக்கத்து வீட்டுச் செல்லத்தாய்தான், உன் அக்காவோடு படம் பார்த்து அழுகிற கூட்டாளி, "ஏய்யா, அவுகளுக்குத்தான்யா இங்கன பாத்திஹா ஓதுறாக" என்று சொல்லி அழுதுவிட்டது. அந்த மனுஷர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு ஓரமாக உட்கார்ந்து, பாத்திஹா முடிந்து, ஓதிக் கொடுக்கிற நார்சாவும் வாங்கிக்கொண்டுதான் போனார். கையெழுத்துக் கேட்க மறந்துவிட்டார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிகிறவரை டிவியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். நேற்று ஞாயிற்றுக்கிழமைதான் படம் போட்டோம். ஆசிக்கின் சிவகாசி பிரஸ்ஸில் காலண்டர் சீசன், ஞாயிறும் வேலை உண்டு, இருந்தும் லீவு போட்டுவிட்டு வந்தான். கரண்டு எப்போது போகும் என்று இப்போது யாருக்கும் தெரியாது. பட்டாசு சத்தத்துக்கு ஓடுகிற ஊர், இன்றைக்குக் கரண்டு இருக்கும்போதே வேலையை முடிக்கத்தான் ஓடுகிறது. ஷிபானா ஈ.பி. ஆபீசுக்கே போன் போட்டு, "எங்க மாமியா பாக்க வேண்டிய படம், கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்று கேட்டிருக்கிறாள். அவர்கள் என்ன நினைத்தார்களோ! செல்லத்தாய் எழுத்து ஓடும்போதே அழ ஆரம்பித்துவிட்டது. இன்னும் யாருக்கும் கஷ்டமே வரவில்லையே என்று கேட்டால், "வரப்போகுதுல்லா" என்றது. பெத்தணன் அவித்த கடலை ஒரு பை நிறையக் கொண்டு வந்து, நேராகப் போய் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது யாருடைய நாற்காலி என்று அவருக்குத் தெரியாது. எல்லோரும் அந்த நாற்காலியையே பார்த்தார்கள். விஷயம் புரிந்ததும் பாவம், தேள் கொட்டியது போல எழுந்தார், கடலையெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. "பாய், நான் நின்னுக்கிட்டே பாக்கேன்" என்று சுவரோரம் ஒட்டிக்கொண்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து அங்கேயே உட்கார வைத்தேன். அந்த நாற்காலி சும்மா கிடந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

சரி, பதிலுக்கு வருகிறேன். ஜெயித்தது உன் அக்கா. இறங்கியது புருஷனேதான். புகை விலகுகிறது, அவர் நிற்கிறார், காதோரம் நரை, மோவாயில் தாடி. அவள் கையிலிருந்த லாந்தர் நழுவுகிறது, அது தரையில் விழாமல் அவர் பிடித்துக்கொள்கிறார். அவர் போன பிறகு பிறந்த குழந்தை வந்து "யாரும்மா இது?" என்று கேட்கிறது, அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறாள். திருட்டுப் பழியைப் போட்ட ஏஜெண்டு தானாக வந்து மன்னிப்புக் கேட்கிறான். பூட்சுக்கும் ஒரு காரணம் சொல்லிவிட்டார்கள். வெளியூரில் அவரை ஆதரித்த ஒரு துரை கொடுத்தது. கடைசியில் அவரே பச்சைக்கொடி காட்டி ரயிலை அனுப்பி வைக்க, 'சுபம்'. எல்லோரும் அழுதார்கள். பெத்தணன் துண்டில் மூக்கைச் சிந்தினார். நான் வாய்விட்டே, "பல்கீஸ், நீ ஜெயிச்சிட்ட" என்று சொல்லிவிட்டேன். அந்த முகம் மலர்ந்த முகம்தான் தவுபிக், எனக்குத்தான் இத்தனை காலமாகப் பார்க்கத் தெரியவில்லை. என் தோல்வியை மண்டியில் சொல்லிவிட்டேன். அங்கே நம் ஊர்க்காரர்கள் யார் இருந்தாலும் நீயும் சொல்லிவிடு. மனசு லேசாக இருக்கிறது. நேற்று நன்றாகத் தூங்கினேன்.

அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று நீ மருகிக்கொண்டே இருக்காதே. வந்திருந்தால் அழுதிருப்பாய், அனுப்பியதால் ஜெயிக்க வைத்தாய். வீட்டில் எல்லோருக்கும் என் சலாம் சொல். உன் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த ஈமானையும் ரஹ்மான் தருவானாக. தொழுகையில் உன் அக்காவுக்காகத் துஆ செய். எனக்காகவும் கொஞ்சம் செய்.

இப்படிக்கு,
தோற்றுப்போன உன் மச்சான்,
ஜெகபர் அலி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஷிபானாவிடம் விலாசத்தைச் சரிபார்க்கக் கொடுத்தேன். அவள் முழுவதையும் வாசித்துவிட்டு, "மாமா, இந்தக் கடைசிப் பகுதியெல்லாம் எப்ப நடந்துச்சு? நாங்க ஒண்ணும் பாக்கலியே" என்றாள். ஆசிக் உன்னிடம் போனில் உளறுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று கரண்டு போகவில்லை. எங்கேயும் ஒன்றும் வெடிக்கவில்லை. காற்றுகூட அடிக்கவில்லை. 'இடைவேளை' என்று எழுத்து வந்தது, அடுத்து படம் ஓடத்தான் போகிறது, தடுக்க யாருமில்லை. எழுந்து போய் பிளேயரை அணைத்து, டிஸ்க்கை எடுத்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு, "கெட்டுப்போச்சு, சுத்தாது" என்று சொல்லிவிட்டேன். பெத்தணன் என்னோடு பேசாமல் போய்விட்டார். மேலே எழுதியதெல்லாம் உன் அக்கா எனக்கு வருஷம் வருஷமாகச் சொல்லிவந்த முடிவு. லாந்தர், தாடி, துரை கொடுத்த பூட்ஸ் எல்லாம் அவள் கற்பனை. அந்த முடிவுக்கு அழுதது நான் மட்டும்தான். இறங்கினவன் ஒருவேளை போலீஸ்காரனாகவே இருந்துவிட்டால், ஆஸ்பத்திரியில் நான் பார்த்த முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? நீ எப்போதாவது அந்தப் படத்தை முழுவதும் பார்க்க நேர்ந்தால் முடிவை எனக்கு எழுதாதே. அவள் சொன்னதே இருக்கட்டும்.